டோக்கன் மாட்டினவன் வீட்டுக்கு வருவான்

எங்கள் ஆலையின் சங்கு ஊதினால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களில்கூட அடுப்பில் உலை வைப்பார்கள், மேய்கிற மாட்டை ஓட்டிக்கொண்டு வருவார்கள், டியூஷன் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும், அப்பேர்ப்பட்ட சங்கு. அந்தச் சங்கு ஊதிய ஒரு சாயங்காலம், வெல்டிங் ஷாப்பில் தரையோடு தரையாகப் போல்ட் போட்டு முடுக்கி வைத்திருந்த மஞ்சக்கையன் என்கிற ரோபோ, தன் போல்ட்டுகளைத் தானே கழற்றி ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு, ஆட்களோடு ஆளாக வரிசையில் நின்று, கேட்டைத் தாண்டி, கம்பெனி பஸ் ஏறி, மூன்றாவது தெருவில் இறங்கி, செத்துப்போன பிலவேந்திரன் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றது. நான் பார்த்தேன். பொய் சொன்னால் எனக்கு என்ன சம்பளமா கூடப்போகிறது?

என் பெயர் மங்களேஸ்வரி. ஆலை கேண்டீனில் டீ ஊற்றுகிறவள், அதுவும் காண்டிராக்டில் ஊற்றுகிறவள். காலையிலும் மதியமும் டிரம்மைத் தள்ளுவண்டியில் வைத்து ஷாப் ஷாப்பாகத் தள்ளிக்கொண்டு போவேன். என் வீட்டுக்காரர் பொன்னுரங்கம் கம்பெனி பஸ் ஓட்டுகிறார், அவர் நிரந்தரம், அதனால்தான் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ். ஒரே வீட்டுக்குள் ஒரு நிரந்தரமும் ஒரு காண்டிராக்டும் குடித்தனம் நடத்துகிற லட்சணத்தைத் தனியாக ஒரு நாள் சொல்கிறேன், இப்போது வேண்டாம்.

நிரந்தரம் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்களுடையது அரசாங்கக் கம்பெனி, மின்சார நிலையங்களுக்குப் பாய்லர் செய்கிற கம்பெனி. அதில் நிரந்தரமான ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பித்தளை டோக்கன் தொங்கும், நம்பர் பொறித்தது, பெண்டாட்டி கழுத்துத் தாலியைவிட அதற்கு ஊரில் மரியாதை அதிகம். சர்வீஸில் இருக்கும்போதே ஒருவர் செத்துப்போனால் அந்த டோக்கனைக் கேட்டுக்குப் பக்கத்துப் பலகையில் தலைகீழாக மாட்டிவிடுவார்கள், அவருடைய வாரிசு வந்து எடுத்து நிமிர்த்திக் கழுத்தில் போட்டுக்கொள்ளும்வரை அது அப்படியே தொங்கும், வெயிலில் கறுக்கும், மழையில் பச்சை பிடிக்கும், ஒருவரும் தொட மாட்டார்கள். அதே மாதிரி பஸ்ஸில் அவர் உட்கார்ந்த சீட்டில் வாரிசு வந்து உட்காரும்வரை வேறு யாரும் உட்கார மாட்டார்கள். கூட்டம் பிதுங்கினாலும் அதில் டிபன் பாக்ஸ் வைப்பார்களே தவிர ஆள் உட்கார மாட்டார்கள். எவன் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது, நல்ல வழக்கம்.

பிலவேந்திரன் அண்ணன் வெல்டர். நான் ஊற்றிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். எந்த வேலையை முடித்தாலும் மணிக்கட்டை லேசாக ஒரு சுண்டு சுண்டிவிட்டுத்தான் கையை எடுப்பார்; பைப்பில் வெல்டிங் வைத்து முடித்தாலும் அப்படித்தான், டீ டம்ளரைக் கீழே வைத்தாலும் அப்படித்தான். அவர் டோக்கன் பலகையில் தலைகீழாகத் தொங்கியது, டிரைவருக்குப் பின்னால் அவருடைய ஜன்னலோரச் சீட்டு காலியாக ஊருக்கும் ஆலைக்கும் போய்ப்போய் வந்தது, அவருடைய ஒரே மகள் ரெஜினா ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்து முடித்துவிட்டு அந்த டோக்கனுக்காகக் காத்திருந்தாள்.

"அடுத்த லிஸ்ட்ல வந்திரும்மா," என்பார் பெர்சனல் ஆபீசர். அடுத்த லிஸ்ட் வரும், அதில் வராது, "அதுக்கு அடுத்ததுல" என்பார். இப்படியே வருஷங்கள் போயின. சும்மா இருக்க முடியாமல் அந்தப் பிள்ளை அதே ஷாப்பில் காண்டிராக்ட் ஹெல்ப்பராகச் சேர்ந்தாள். அப்பாவின் டோக்கனுக்குக் கீழே நடந்து உள்ளே போவாள், அதற்குக் கீழேயே நடந்து வெளியே வருவாள், காண்டிராக்ட் ஆட்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறக் கூடாது என்பதால் அப்பாவின் காலிச் சீட்டைச் சுமந்துகொண்டு போகிற பஸ்ஸின் புழுதியில் நடந்தே வீட்டுக்கு வருவாள். அவள் அம்மா லூர்துமேரி அக்கா வாசலில் நின்று பார்ப்பார். "இன்னிக்கு ஏதும் சொன்னாங்களா?" என்பார். "இல்லம்மா." இதுதான் அந்த வீட்டில் தினமும் நடக்கிற பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் மஞ்சக்கையன் வந்தது. ஒரே பெட்டியில் இரண்டாக வந்தது, ஒரே அச்சு, ஒரே மஞ்சள். ஒன்றைத் தரையில் முடுக்கினார்கள், மற்றதை, இது பழுதானால் மாற்றுவதற்கு உபரி என்று சொல்லி உறைகூடப் பிரிக்காமல் ஸ்டோரில் போட்டார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் இருந்தது, ஆள்தான் இல்லை. அதற்கு வேலை பழக்க வேண்டும் என்றால் தெரிந்த ஒருவர் அதன் கையைப் பிடித்து நடத்திக்காட்ட வேண்டுமாம். நிரந்தர வெல்டர்கள் எல்லாரும் எனக்கு உடம்பு சரியில்லை, எனக்குக் கண் வலி என்று நழுவிவிட்டார்கள், எல்லாருக்கும் தெரியும் எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று. காண்டிராக்ட் பிள்ளையால் நழுவ முடியுமா? ரெஜினாதான் பழக்கினாள். மாதக்கணக்கில் அந்த இரும்பு மணிக்கட்டைப் பிடித்து, தட்டில் அரிசி பரப்பிக் குழந்தைக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுக்கிற மாதிரி, பைப்பைச் சுற்றிச் சுற்றி நடத்தினாள். அவளுக்கு அப்பா கற்றுக்கொடுத்ததுதானே தெரியும். அதனால் மஞ்சக்கையன் ஒவ்வொரு வெல்டிங்கையும் முடிக்கும்போது மணிக்கட்டை லேசாக ஒரு சுண்டு சுண்டியது. முதல் தடவை அதைப் பார்த்தபோது என் கையிலிருந்த டீ வழிந்து தரையெல்லாம் ஆகிவிட்டது.

இதற்கு மேல்தான் நம்ம துரைக்கண்ணு வருகிறார். யூனியன் செயலாளர், நல்ல மனுஷர், வாய்தான் கொஞ்சம் அதிகம். நிர்வாகம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும்: மெஷின் வந்துவிட்டது, ஆள் தேவையில்லை என்று காலி இடங்களையெல்லாம் ஒன்றொன்றாக ஒழித்துவிடும், இருக்கிறவர்களை வீட்டுக்கு அனுப்பாது, இது அரசாங்கக் கம்பெனி, அப்படி அனுப்ப முடியாது, ஆனால் போனவர்கள் இடத்தில் புதிதாக ஒருவரையும் சேர்க்காது, ஆலை சத்தமில்லாமல் வற்றிப்போகும். இதைத் தடுக்க அவர் மண்டையில் ஒரு யோசனை உதித்தது. கேட் மீட்டிங்கில் தொண்டை கிழியக் கத்தினார்.

"தோழர்களே! இடம் காலியா இருந்தாத்தான ஒழிப்பான்? காலியாவே விடக் கூடாது! அந்த மெஷினும் நம்மள மாதிரி வேல செய்யுது, அதுக்கும் டோக்கன் குடு! அதையும் தொழிலாளியாக் கணக்குல சேத்துக்க! தலை எண்ணிக்கை ஒண்ணு குறையக் கூடாது!"

கைதட்டல் ஆலைக் கூரையைத் தூக்கியது. நானும்தான் தட்டினேன், கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. நிர்வாகம் என்ன காரணத்தாலோ மறுபேச்சே பேசாமல் ஒப்புக்கொண்டது. அப்போதாவது நமக்கு உறைத்திருக்க வேண்டும். ஆயுத பூஜை அன்றைக்கு, மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து முடிந்ததும், துரைக்கண்ணு பலகைக்குப் போனார், வெகுநாளாகத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரே டோக்கனை எடுத்தார், வேட்டியில் துடைத்தார், மஞ்சக்கையனுக்குக் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மாலையோடு சேர்த்து மாட்டினார். வாழ்க கோஷம் போட்டார்கள். வரிசையில் கடைசியில் பொரி வாங்க நின்ற ரெஜினா, கையில் இருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வெளியே போய்விட்டாள்.

"அண்ணே, அது எங்க டோக்கன்," என்று லூர்துமேரி அக்கா யூனியன் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்.

"உங்க டோக்கன்தாம்மா, யாரு இல்லங்கிறா? இடத்த ஒழிச்சிரக் கூடாதுன்னு சும்மா அதுமேல மாட்டி வச்சிருக்கோம். பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கிற மாதிரி. லிஸ்ட் வந்ததும் கழட்டிப் பிள்ள கழுத்துல போட்டுருவோம்," என்றார் துரைக்கண்ணு. மனதாரத்தான் சொன்னார். ஆனால் நிரந்தரமான ஒரு தொழிலாளியின் டோக்கனை விசாரணை இல்லாமல், குற்றம் நிரூபிக்காமல் யாரும் கழற்ற முடியாது; ரிட்டயராகவேண்டும், இல்லை ராஜினாமா செய்யவேண்டும், இல்லை சாகவேண்டும். அதுவும் அவரே முன்னால் போராடி வாங்கிக் கொடுத்த விதிதான்.

மாட்டிய அன்றைக்கு மறுநாள் சாயங்காலம்தான், முதலில் சொன்னேனே, அது போல்ட்டைக் கழற்றிவிட்டுக் கிளம்பியது. கேட்டில் செக்யூரிட்டி எல்லாரையும் தடவிப் பார்க்கிற மாதிரி அதையும் தடவிப் பார்த்தார், டோக்கனைப் பார்த்தார், "போ" என்றார். பஸ் படியில் அது தத்தித் தத்தி ஏறுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது, பின்னால் நின்றவர்கள் "சீக்கிரம் ஏறுய்யா, வீட்டுக்குப் போகணும்" என்று முனகினார்கள். என் வீட்டுக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அது நேராக வந்து ஜன்னலோரச் சீட்டிலிருந்த டிபன் பாக்ஸ்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தது.

"ஒண்ணும் சொல்லலையா நீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? டோக்கன் இருக்கே," என்றார்.

லூர்துமேரி அக்கா வாசலில் மகளை எதிர்பார்த்து நின்றிருந்தார். மகளுக்கு முன்னால் இது வந்து நின்றதும் விளக்குமாற்றை எடுத்துவிட்டார். "ஏய், என் பிள்ள வேலையத் தின்னுட்டு இங்க எதுக்கு வந்து நிக்கிற? போ! போயிரு!" தெருவே கூடிவிட்டது. அது போகவில்லை, முருங்கை மரத்தடியில் கையை மடக்கிக் குனிந்தபடி நின்றது. இருட்டுவதற்குள் ரெஜினா நடந்து வந்து சேர்ந்தாள், அதைப் பார்த்தாள், "நிக்கட்டும்மா, அதுக்கு என்ன தெரியும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். காலையில் சங்குக்கு முன்னால் அதுவாகவே பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டது.

பழகிப்போனது என்று சொன்னால் நம்புவீர்களா? அட, பழகாதது என்ன இருக்கிறது இந்த உலகத்தில். முதலில் பிள்ளைகள் பழகின, அதன் முழங்கையில் கயிறு கட்டி ஊஞ்சல் ஆடின. பிறகு பெண்கள்: கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைக்க, பரண்மேல் இருக்கிற அண்டாவை இறக்க, மாதா கோயில் திருவிழாவுக்குப் பந்தல்கால் பிடிக்க, எல்லாவற்றுக்கும் "மஞ்சக்கையனக் கூப்பிடு" என்பார்கள். குடிக்காது, சீட்டாடாது, சம்பளத்தை மறைக்காது. தெருவில் பாதிப் பெண்கள் அதைக் காட்டிப் புருஷனைத் திட்டினார்கள், நான் உள்பட. வாரிசுக்கு வேலை வராததால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி வர இருந்த உத்தரவும் வரவில்லை. "டோக்கன்காரர்தான் குடியிருக்காரே, அப்புறம் என்ன?" என்றார் ஆபீசர். ஆக, வேலையைப் பிடுங்கியதும் அதுதான், வீட்டைக் காப்பாற்றியதும் அதுதான். எதற்கு அதைத் திட்டுவது, எதற்கு விடுவது என்று தெரியாமல் லூர்துமேரி அக்கா தவித்துப்போனார்.

ஒரு நாள் டீ கொடுத்தார். வாசலில் ஒருவர் நிற்க, நாம் மட்டும் எப்படிக் குடிப்பது என்று தோன்றியிருக்கும், அந்த அக்கா சுபாவம் அப்படி. அதால் குடிக்க முடியாது. டம்ளரை வாங்கி, ஆறும்வரை பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, கீழே வைத்தது. வைக்கும்போது மணிக்கட்டை லேசாக ஒரு சுண்டு சுண்டியது. அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் மதில்மேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், பார்த்தேன். வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, சத்தமே வராமல், செத்த அன்றைக்கு அழுததைவிட அதிகமாக அழுதார். அன்றிலிருந்து தினமும் ஒரு டம்ளர் டீ. ஆறியதை முருங்கை மரத்துக்கு ஊற்றிவிடுவார், அந்த வருஷம் அந்த மரம் காய்த்த காய் கொஞ்சநஞ்சம் இல்லை.

துரைக்கண்ணு யோசனை பலித்துவிட்டது என்று நிர்வாகத்துக்குச் சந்தோஷம். யாராவது ரிட்டயராகிற மாசம், மாலை போட்டு, மேளம் வைத்து, ஜீப்பில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்த மேளச் சத்தம் அடங்குவதற்குள் புதிதாக ஒரு மஞ்சக்கையன் அந்த டோக்கனை மாட்டிக்கொண்டு பின்னாலேயே அவர் வீட்டுக்கு வந்துவிடும். தலை எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை. "நான் இன்னும் உசுரோட இருக்கேன்யா!" என்று ஒரு கிழ ஃபிட்டர் தன் வீட்டு வாசலில் வந்து நின்ற மஞ்சக்கையனைப் பார்த்துக் கத்தினார், பிறகு பேச ஆளில்லாமல் அதனோடேயே சாயங்காலம் நடைபயிற்சி போக ஆரம்பித்தார். சங்கு ஊதினால் எங்கள் தெருக்களில் மனுஷர் பாதி, மஞ்சள் பாதியாக வருவார்கள், ஒவ்வொரு வாசலிலும் ஒன்று நிற்கும், ஒவ்வொரு வாசலிலும் ஒரு டம்ளர் டீ ஆறும்.

வாசலில் ஒன்றும் வந்து நிற்காதது காண்டிராக்ட் ஆட்கள் வீட்டில்தான். அவர்களுக்குத்தான் டோக்கனே கிடையாதே. கிரைண்டிங் பிடித்தவர்கள், பைப் தூக்கியவர்கள், பெயின்ட் அடித்தவர்கள், பத்துப் பதினைந்து வருஷம் அந்த ஷாப்பில் கிடந்து வெந்தவர்கள், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று கேட்டில் சொன்னதும் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். மேளம் இல்லை, மாலை இல்லை, கோஷம் இல்லை. அவர்களுக்காக யூனியன் பேசவில்லையா என்று கேட்காதீர்கள். அவர்கள் யூனியனில் இல்லை.

அப்படி ஒரு நாள் ரெஜினாவும் திரும்பி வந்தாள்.

அன்றைக்கு அவள் அழவில்லை. ஓசூர்ப் பக்கம் ஒரு தனியார் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், தங்க ஹாஸ்டல் உண்டு, அதுவும் காண்டிராக்ட்தான் என்றாள். "இங்கேயே இருந்தா அந்த டோக்கனப் பாத்துப் பாத்தே செத்துருவேம்மா," என்றாள். சாயங்காலம் சங்கு ஊதியது, மஞ்சக்கையன் வந்தது, அக்கா டீயை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனார். நான் எங்கள் வீட்டுப் படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது.

"இந்தா, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ கெட்டவன் இல்ல. கொண்டாந்தாங்க வந்த, மாட்டினாங்க போட்டுக்கிட்ட. ஆனா எம்பிள்ளைக்கு இருக்கிறது அந்த ஒரு டோக்கன்தான். உன்னால ராஜினாமா எழுத முடியாது, நீ ரிட்டயராகிறதுக்குள்ள அவ கிழவியாயிருவா. சர்வீஸ்ல இருக்கும்போதே போனாத்தான் வாரிசுக்கு வேல." சுடுகிற டம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "சொல்லக் கூடாததச் சொல்லிட்டேன். மன்னிச்சிரு. இந்தா, டீயப் புடி."

அது டம்ளரை வாங்கியது. ஆறும்வரை பிடித்திருந்தது. வைத்தது. சுண்டியது.

மறுநாள் காலை நான் தள்ளுவண்டியோடு வெல்டிங் ஷாப்புக்குள் நுழைகிறேன், மஞ்சக்கையன் ஒரு பைப்பை முடித்துவிட்டு மணிக்கட்டைச் சுண்டியது, பிறகு கையை மெதுவாக இறக்கி அந்தப் பைப்பின்மேலேயே வைத்து அப்படியே நின்றுவிட்டது. பிலவேந்திரன் அண்ணன் சரிந்து உட்கார்ந்தது அதே தூணுக்குப் பக்கத்தில்தான். எங்கெங்கிருந்தோ எஞ்சினீயர்கள் வந்தார்கள், பிரித்தார்கள், பூட்டினார்கள், ஒவ்வொரு பாகமாகச் சோதித்தார்கள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஓட மாட்டேங்குது," என்றார்கள். அதன் மூட்டுகளிலிருந்து எண்ணெய் இறங்கித் தரையில் தேங்கியிருந்தது. கேட்டில் டோக்கனைத் தலைகீழாக மாட்டினார்கள்.

சாவு என்றால் சாவுதான். யூனியன் கொடி போர்த்தி, லாரியில் ஏற்றி, எல்லாரும் முன்னால் நடந்து, முதலில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் பழைய இரும்பு யார்டுக்குக் கொண்டுபோனார்கள். மாதா கோயில் சாமியார், ஞானஸ்நானம் வாங்காத இரும்புக்கு ஜெபம் சொல்லலாமா என்று தயங்கிவிட்டு, கடைசியில் தெருமுனையில் நின்று வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிவிட்டுப் போனார். "வெள்ளைச் சேலை கட்டணுமாக்கா?" என்று யாரோ ஒரு கூறுகெட்டவள் கேட்டாள். "ஒரே டோக்கனுக்கு ரெண்டு தடவ தாலி அறுக்க மாட்டேன் போடி," என்றார் லூர்துமேரி அக்கா. சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் தட்டிப் பார்த்தேன், திறக்கவில்லை. உள்ளே சுவரில் தலையை முட்டிக்கொண்டு, "நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் பாருங்கள், அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் எல்லாருக்கும் மனசுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். டோக்கன் தலைகீழாகத் தொங்குகிறது, ஜன்னலோரச் சீட்டில் மறுபடி டிபன் பாக்ஸ்கள். ரெஜினா ஓசூருக்குக் கட்டிய பையைப் பிரித்துவிட்டாள். இனி அவளுக்குத்தானே வரவேண்டும், வேறு யாருக்கு வரும்?

பெர்சனல் ஆபீஸில் கூப்பிட்டார்கள். லூர்துமேரி அக்கா, ரெஜினா, துரைக்கண்ணு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் டீ கொடுக்கிற சாக்கில் உள்ளே போய், கொடுத்து முடித்த பிறகும் கதவோரமாக நின்றுகொண்டேன். ஆபீசர் தங்கமான மனுஷர்தான், எழுந்து நின்று இரங்கல் சொன்னார். பிறகு கேட்டார்.

"இறந்தவருக்கு ரெஜினா என்ன உறவு?"

துரைக்கண்ணு தொண்டையைக் கனைத்தார். "சார், டோக்கன் அவங்கப்பா டோக்கன்."

"அவரு சாவுக்கு உண்டான வாரிசு வேலைய நிரப்பியாச்சே, தோழர். நீங்கதான மாலை போட்டு நிரப்பினீங்க. இப்ப இறந்தது அந்த மெஷின். அதுக்கு இவங்க யாரு?"

"நான்தான் சார் அதுக்குக் கை பழக்கினேன்," என்றாள் ரெஜினா. அந்தக் குரலை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"அப்ப நீங்க டீச்சரும்மா. டீச்சர் வாரிசு ஆக முடியாது." ஆபீசர் நிஜமாகவே வருத்தப்பட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இறந்தவருக்குக் கல்யாணம் ஆகல. கல்யாணம் ஆகாதவங்க சர்வீஸ்ல இறந்தா, கூடப் பிறந்தவங்களுக்குத்தான் வேல. இது யூனியன் கேட்டு வாங்கின ஷரத்து. தோழருக்கே தெரியும்."

துரைக்கண்ணு தலை குனிந்தார். அந்த மனுஷர் தலை குனிந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்; அதற்குப் பிறகு அவர் கேட் மீட்டிங்கில் மைக்கைப் பிடிக்கவே இல்லை.

ஸ்டோரில் உறை பிரிக்காமல் கிடந்ததே, ஒரே பெட்டியில் வந்தது, அதன் கூடப் பிறந்தது. அதை எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டார்கள். அதற்கு வேலை பழக்கவாவது ரெஜினாவைக் கூப்பிடுவார்கள், அந்தக் கொஞ்ச நாளாவது பிள்ளை உள்ளே இருக்கலாம் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. யார்டில் கிடந்த செத்ததன் மூளைப் பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டுவந்து, அதற்கும் இதற்கும் ஒரு வயரை மாட்டினார்கள்; மாதக்கணக்கில் அவள் கையைப் பிடித்துப் பழக்கியதெல்லாம், நான் அந்த ஷாப்பில் டீ ஊற்றி முடிப்பதற்குள் அதற்குப் போய்விட்டது. பலகையிலிருந்து டோக்கனை எடுத்து நிமிர்த்தி அதன் கழுத்தில் போட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் ரெஜினா பையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். டவுன் பஸ்ஸுக்கு மெயின் ரோடு வரை நடக்கவேண்டும், ஆனால் என் வீட்டுக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டார், "நம்ம பஸ்ல வரச் சொல்லு, எவன் கேக்கிறான்னு பாத்துக்கிறேன்," என்று. நானும் அவளோடு நின்றேன். லூர்துமேரி அக்கா வரவில்லை. என்னால் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

பஸ் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், கடைசியாக அது இறங்கியது. புது மஞ்சள், கீறலே இல்லை. இறங்கிவிட்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. இது வழி தெரியாத பிள்ளை. வேலையைத்தான் மாற்றிவிட்டிருந்தார்கள், வீட்டை யாரும் மாற்றிவிடவில்லை.

ரெஜினா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், காறித் துப்பினாலும் தகும் என்று நினைத்தேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனாள். டோக்கன் புரண்டு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது, அதை எடுத்து நேராக்கினாள். கொஞ்ச நேரம் விரலால் அந்த நம்பரைத் தடவினாள்.

"நேராப் போ. முருங்கை மரம் நிக்கிற வீடு," என்றாள். "அம்மா மொதல்ல கோவமாப் பேசுவாங்க. பேசாம நின்னுக்க. அப்பறம் டீ குடுப்பாங்க, வேணாங்காம வாங்கிக்க. ஆறுனதுக்கப்பறம் கீழ வை. சிலிண்டர் தீந்துச்சுன்னா சொல்ல மாட்டாங்க, நீயாப் பாத்து மாத்திக் குடு. அவங்களுக்கு இடுப்பு வலி."

"ஏறும்மா, நேரமாச்சு," என்றார் என் வீட்டுக்காரர். அவள் ஏறி, நிற்கிற இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் எழுந்து வந்து ஜன்னலோரச் சீட்டைக் கையால் தட்டினார். "உங்கப்பா சீட்டும்மா. உக்காரு." அவள் உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷமாக அந்தச் சீட்டு காத்திருந்தது அவளுக்குத்தான், கடைசியில் மெயின் ரோடு வரைக்கும் உட்கார்ந்து போனாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையாட்டினாள், நான் எதற்கோ சிரித்தேன், எதற்குச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

அது முன்னால் தத்தித் தத்திப் போனது, நான் பின்னால் போனேன். லூர்துமேரி அக்கா வாசலில் நின்றிருந்தார், கையில் விளக்குமாறு இல்லை, டம்ளரும் இல்லை. அது முருங்கை மரத்தடியில் போய், சொன்ன மாதிரியே, கையை மடக்கிக் குனிந்துகொண்டு நின்றது. அக்கா திட்டவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த ஒருவரிடம் கேட்கிற மாதிரி அதனிடம் கேட்டார்.

"பிள்ள பஸ் ஏறிட்டாளா? ஒக்கார எடம் கிடைச்சுச்சா?"